வட்டமில்லாத கோட்டை, சத்தில்லாத சத்து

வட்டக்கோட்டை வட்டமாக இருக்காது. பெயரை நம்பிப் போகிறவர்கள் முதலில் ஏமாறுவது இதில்தான். கன்னியாகுமரியிலிருந்து கடலோரமாக வடகிழக்கே ஆறேழு கிலோமீட்டர் போனால் தென்னையும் பனையும் அடர்ந்த கரையில், அலையில் கால் நனைத்துக்கொண்டு நிற்கும் ஒரு கருங்கல் கோட்டை. சுமார் மூன்றரை ஏக்கர் பரப்பு, 25 அடி உயரச் சுவர். பீரங்கியை உருட்டிக்கொண்டு போகிற மாதிரி சரிவான கல்பாதை ஒன்று மேலே ஏறுகிறது. அதில் ஏறி நின்று சுற்றிப் பார்த்தால் கிட்டத்தட்ட நீள்சதுரம்.

"இதுல வட்டம் எங்க மாமா இருக்கு?" என்று கேட்டாள் அக்கா மகள். ஏழாம் வகுப்பு. கேள்வி கேட்பதில் கல்லூரி.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். 1741-இல் குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் தோற்றுப் பிடிபட்டவர் டச்சுக் கம்பெனியின் டிலனாய். பிடித்த மன்னரிடமே வேலைக்குச் சேர்ந்து, திருவிதாங்கூர்ப் படையைப் பழக்கி, அதற்கே தளபதியும் ஆனார். இந்தக் கோட்டையைப் பலப்படுத்திக் கட்டியவர் அவர்தான். புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் அவர் கல்லறை இன்றும் இருக்கிறது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: "சரி, வட்டம் எங்க?"

தோல்வியை ஒப்புக்கொண்டு கீழே இறங்கினேன்.

வாசலுக்கு வெளியே ஒரு ஆச்சி பெட்டியில் பனங்கிழங்கு வைத்திருந்தார். தை மாதம் அல்லவா, கிழங்குக் காலம். பனம்பழத்தைத் தின்றபின் கொட்டையை மண்ணில் பதித்தால், அதிலிருந்து முளை மேலே வராமல் கீழே இறங்கும். மண்ணுக்குள் விரல்போலத் தடிக்கும். ஓலை விடுவதற்கு முன் தோண்டி எடுத்து, மஞ்சளும் உப்பும் போட்டு அவித்தால் பனங்கிழங்கு. ஒரு கட்டு வாங்கினோம்.

தின்பதற்கு ஒரு கைப்பழக்கம் வேண்டும். மேல்தோலை உரித்து, கிழங்கை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, நடுவில் ஈர்க்குச்சி மாதிரி இருக்கும் குருத்தை உருவிப் போட வேண்டும். பிறகு ஒடிக்க வேண்டும். ஒடித்தாலும் துண்டு பிரியாது, இரண்டுக்கும் நடுவே வெள்ளை நூல் நூலாகத் தொங்கும். அந்தத் தும்பைச் சுண்டி இழுத்துவிட்டுத்தான் வாயில் போடுவார்கள். எவ்வளவு இழுத்தாலும் கொஞ்சம் தும்பு பல்லில் மாட்டும். அவளுக்கும் மாட்டியது. நாக்கால் துழாவிக்கொண்டே, "இதுதான நார்ச்சத்து? துப்பவா, முழுங்கவா?" என்றாள்.

"தோலைக் கீழ போட்டுராதீங்க மக்களே, ஆட்டுக்குக் கொண்டுபோணும்" என்றார் ஆச்சி. இந்த ஆட்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

அவள் கேள்விக்கு வருவோம். நார்ச்சத்து என்பதும் வட்டக்கோட்டை மாதிரி ஒரு பெயர்தான். முதல் பாதியும் முழுக்கச் சரியில்லை, இரண்டாம் பாதியும் சரியில்லை. தும்பு தும்பாகத் தெரிவது மட்டும் நார்ச்சத்து இல்லை. வெண்டைக்காயின் வழுவழுப்பு நார்ச்சத்து. கொய்யாப்பழ ஜாம் இறுகுவதற்குக் காரணமான பெக்டின் நார்ச்சத்து. பருப்பிலும் பயற்றிலும் கண்ணுக்கே தெரியாமல் கரைந்து கிடப்பதும் நார்ச்சத்து. 1953-இல் ஆஸ்திரேலியாவின் ஹிப்ஸ்லி என்பவர் 'உணவு நார்' என்று ஆங்கிலத்தில் எழுதியபோது, செடிகளின் செல் சுவரில் இருக்கும் பொருள்களைத்தான் மனதில் வைத்திருந்தார். பிறகு ஒவ்வொன்றாகப் பட்டியலில் சேர்ந்துகொண்டே போயிற்று. இன்றைக்கு அதற்கு இலக்கணம் கிட்டத்தட்ட இதுதான்: செடியிலிருந்து வரும் மாவுப்பொருள்களில் நம் சிறுகுடலால் செரிக்க முடியாதது எதுவோ அது.

செரிக்க முடியாதது என்றால் அது எப்படிச் சத்தாகும்? இரண்டாம் பாதி இடிப்பது இங்கேதான்.

இதைப் புரிந்துகொள்ள ஒரு விளையாட்டு. உங்கள் வகுப்பில் 20 பேர் வரிசையாகக் கைகோத்து நில்லுங்கள். எல்லாரும் கரும்பலகையைப் பார்த்து நின்றால் அதுதான் ஸ்டார்ச், சோற்றிலும் கிழங்கிலும் இருக்கும் மாவு. ஒவ்வொருவரும் ஒரு குளுக்கோஸ். இப்போது ஒருவர்விட்டு ஒருவர் முதுகைக் காட்டித் திரும்பிக் கைகோத்து நில்லுங்கள். அதுதான் செல்லுலோஸ், பருத்தி நூலும் காகிதமும் கிழங்குத் தும்பும். ஆள்கள் அதே ஆள்கள், குளுக்கோஸ் அதே குளுக்கோஸ், கோத்த விதம்தான் வேறு. நம் எச்சிலிலும் கணைய நீரிலும் உள்ள நொதிகள் முதல் வகைக் கைகோப்பை மட்டும் வெட்டத் தெரிந்த கத்தரிக்கோல்கள். இரண்டாவதை அவற்றால் தொடவே முடியாது. சோறு சர்க்கரையாகி ரத்தத்தில் சேருகிறது. தும்பு ஆறு மீட்டர் சிறுகுடலையும் வேடிக்கை பார்த்துக்கொண்டே கடந்து போகிறது.

"அப்ப துப்பிருக்கலாம்லா?" என்றாள்.

பொறு. அது போய்ச் சேருகிற இடம் பெருங்குடல். சுமார் ஒன்றரை மீட்டர் நீளம். அங்கே குடியிருப்பவர்களின் எண்ணிக்கையை 2016-இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவன ஆய்வாளர்கள் கணக்குப் போட்டார்கள். வளர்ந்த ஒரு மனிதரின் உடம்பில் ஏறத்தாழ 38 லட்சம் கோடி பாக்டீரியா, அதில் மிகப் பெரும்பங்கு பெருங்குடலில். நம் உடம்பின் செல்களை எண்ணினாலும் ஏறக்குறைய அவ்வளவுதான் வரும். சோறு, மீன்குழம்பு, சர்க்கரை எல்லாவற்றையும் நாம் மேலேயே உறிஞ்சிவிடுகிறோம். கீழே இருப்பவர்களுக்குப் பந்தியில் மிஞ்சுவது பெரும்பாலும் இந்த நார்தான். அதற்குத் தக்க கருவிகளும் அவர்களிடம் உண்டு. மாவுப்பொருளை வெட்ட நம்மிடம் இருக்கும் நொதிகள் 20 வகைகூடத் தேறாது. குடலில் வாழும் பாக்டீராய்ட்ஸ் இனத்தில் ஒரே ஒரு பாக்டீரியாவிடம் 200 வகைக்கு மேல் இருக்கின்றன.

ஆச்சியின் ஆடும் இந்தத் தந்திரத்தில்தான் பிழைக்கிறது. புல்லையும் கிழங்குத் தோலையும் செரிக்கும் நொதி ஆட்டிடமும் இல்லை. அதன் முதல் இரைப்பையில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் செரித்துக் கொடுக்கின்றன. ஆட்டுக்கு அந்த அடுப்பு முன்வாசலில், நமக்குப் பின்கட்டில். அதனால் ஆடு அளவுக்கு நம்மால் முடியாது. தும்பில் பெரும்பங்கு அப்படியே வெளியே போய்விடும். பெக்டின் போல மென்மையானவற்றைத்தான் நம் பாக்டீரியாக்கள் ஒரு கை பார்க்கும்.

தின்றுவிட்டு அவை சும்மா இருப்பதில்லை. வீட்டில் மாவு புளிக்கிற மாதிரி அங்கேயும் புளிப்பு நடக்கிறது. அதில் மூன்று சிறிய அமிலங்கள் உண்டாகின்றன: அசிட்டேட், புரோப்பியனேட், பியூட்டிரேட். கடைசிப் பெயரை மட்டும் மனதில் வையுங்கள். பெருங்குடலின் உட்சுவர் செல்கள் தங்களுக்கு வேண்டிய சக்தியில் ஏறக்குறைய 70 சதவீதத்தை ரத்தத்திலிருந்து எடுப்பதில்லை, இந்தப் பியூட்டிரேட்டிலிருந்து எடுக்கின்றன. நாம் செரிக்காமல் விட்டதை விருந்தாளி செரித்து, அதில் ஒரு பங்கை வீட்டுக்காரருக்கே திருப்பி ஊட்டுகிறார். ஆக, சத்தில்லாத சத்து ஒரு கை மாறி மறுபடி சத்தாகிவிடுகிறது.

விருந்தாளிக்குச் சோறு போடாவிட்டால்? கோட்டைச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்ததால் இதைச் சொல்வது எளிதாக இருந்தது. பெருங்குடலின் உள்ளே வழவழவென்று சளி போன்ற ஒரு பூச்சு உண்டு. அதுதான் அங்கே கோட்டைச் சுவர். இந்தப் பக்கம் பாக்டீரியா, அந்தப் பக்கம் நம் உடம்பு. அமெரிக்காவின் மிச்சிகனிலும் லக்சம்பர்க் நாட்டிலும் இருந்த ஆய்வாளர்கள், மகேஷ் தேசாய் என்பவரும் எரிக் மார்ட்டின்ஸ் என்பவரும் அவர்கள் குழுவினரும், 2016-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளின் குடலில் மனிதக் குடலைச் சேர்ந்த 14 வகைப் பாக்டீரியாக்களைக் குடியேற்றினார்கள். சில எலிகளுக்கு நார் உள்ள தீவனம், சிலவற்றுக்கு நாரே இல்லாத தீவனம். நார் கிடைக்காத எலிகளில் பாக்டீரியா பட்டினி கிடக்கவில்லை. சுவரைத் தின்ன ஆரம்பித்தன. அந்தச் சளிப்பூச்சும் ஒருவகைச் சர்க்கரைக் கோவையால் ஆனதுதானே. பூச்சு மெலிந்தது. பிறகு எலிகளுக்கு நோய் தரும் ஒரு கிருமியைக் கொடுத்தபோது, சுவர் மெலிந்த எலிகள்தான் மிகவும் அவதிப்பட்டன.

அவள் சுவரைத் தடவிப் பார்த்தாள். "இது கல்லு, தின்ன முடியாது" என்றாள். டிலனாய் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்.

நாரின் கதையில் ஒரு டாக்டர் வராமல் முடியாது. டெனிஸ் பர்க்கிட், அயர்லாந்துக்காரர், ஆப்பிரிக்காவின் உகாண்டாவில் பல ஆண்டுகள் அறுவை மருத்துவர். இங்கிலாந்தில் தினம் பார்க்கும் மலச்சிக்கல், குடல்வால் அழற்சி போன்ற சங்கடங்கள் உகாண்டா கிராமத்து மக்களிடம் ஏன் அபூர்வம் என்று யோசித்தார். பெரிய மருத்துவர்கள் செய்யக் கூச்சப்படுகிற ஒரு வேலையை அவரும் அவர் கூட்டாளிகளும் செய்தார்கள். மலத்தை எடை போட்டார்கள். எக்ஸ்ரேயில் தெரியும் சின்னக் குண்டுமணிகளை விழுங்க வைத்து, எத்தனை மணி நேரத்தில் வெளியே வருகின்றன என்று கணக்கு வைத்தார்கள். 1972-இல் 'லான்செட்' இதழில் அது வந்தது. கிழங்கும் தானியமும் பயறும் தின்ற கிராமத்தாருக்கு மலத்தின் எடை பல மடங்கு, பயண நேரமோ மிகக் குறைவு. மைதா ரொட்டி தின்ற ஆங்கிலேயருக்கு எல்லாம் தலைகீழ். காரணம் சிக்கலானது இல்லை. நார் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பாக்டீரியா அதைத் தின்று பெருகும், பெருகிய பாக்டீரியாவும் எடைதான். மலத்தின் உலர்ந்த எடையில் கால் பங்குக்கு மேல் பாக்டீரியா என்றால் முகத்தைச் சுளிக்காதீர்கள், நீங்கள் வளர்த்தவைதான் அவை. பர்க்கிட் சொன்ன எல்லாமே பின்னால் நிற்கவில்லை. சில நோய்களுக்கு அவர் காட்டிய காரணம் அவ்வளவு நேரானதாக இல்லை. ஆனால் நாரைக் குப்பை என்று நினைத்துக்கொண்டிருந்த உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தவர் அவர்.

"நல்லா வெளிக்கிப் போறதுக்குன்னு சொல்லுங்க. அது எங்க ஆச்சிக்கே தெரியும்" என்றாள் அவள், சப்பென்று போன குரலில்.

அதே நார் வகைச் சரக்கு வயிற்றுப்போக்கை நிறுத்தவும் உதவும் என்றேன். நம்பவில்லை. இதற்கு வெகுதூரம் போக வேண்டாம், வேலூர் வரை வந்தால் போதும்.

காலரா வந்தால் சிறுகுடல் தண்ணீரைக் கொட்டத் தொடங்கிவிடும். கடுமையாக வந்தால் ஒரே நாளில் 10 லிட்டருக்கு மேல்கூடப் போகும். உப்பும் சர்க்கரையும் சரியான அளவில் கரைத்த நீரைக் குடிக்கக் கொடுத்தால் உயிர் பிழைக்கும் என்பதை நாம் அறிவோம், ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் இருப்பது அதுதான். 1971-இல் வங்காளதேசப் போரின்போது பங்காவ் அகதி முகாமில் திலீப் மகலனாபிஸ் என்ற டாக்டர் அதை டிரம் டிரம்மாகக் கரைத்துக் கொடுத்து எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றினார். ஆனால் அந்த நீரில் ஒரு குறை. போன தண்ணீரை அது ஈடுகட்டும், போவதை நிறுத்தாது. நோயாளி குடித்துக்கொண்டே இருக்க வேண்டும், போய்க்கொண்டே இருக்கும்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் குடல் மருத்துவரான பி. எஸ். ராமகிருஷ்ணாவும் அவருடன் வேலை செய்தவர்களும் இதை வேறு பக்கத்திலிருந்து பார்த்தார்கள். ஓ.ஆர்.எஸ். வேலை செய்வது சிறுகுடலில். கீழே பெருங்குடல் என்று ஒன்று இருக்கிறதே, தண்ணீரை உறிஞ்சுவதே அதன் வேலையாயிற்றே, அதை ஏன் யாரும் வேலை வாங்கவில்லை? சாதாரண நாளில் ஒன்றரை லிட்டரை ஒட்டி அதற்குள் வரும் நீரில் பெரும்பகுதியை அது உறிஞ்சி ரத்தத்துக்குத் தந்துவிடுகிறது. அப்படி உறிஞ்ச அதற்குத் தூண்டுகோலாக இருப்பவை, நாம் முன்னே பார்த்த அதே மூன்று சிறிய அமிலங்கள். அமிலம் செல்லுக்குள் போகும்போது உப்பையும் கூட இழுத்துக்கொண்டு போகிறது, உப்பு போகும் வழியில் தண்ணீரும் போகிறது. காலராவில் குடல் கழுவிவிட்டது மாதிரி ஆகிவிடுவதால் அந்த அமிலங்கள் குறைந்துபோகின்றன. ஆகவே பாக்டீரியாவுக்குத் தீனி அனுப்ப வேண்டும். குளுக்கோஸ் அனுப்பினால் வழியிலேயே சிறுகுடல் எடுத்துக்கொள்ளும். சிறுகுடல் தொட முடியாத மாவாக இருக்க வேண்டும்.

அப்படி ஒரு மாவு உண்டு. ஸ்டார்ச்தான், ஆனால் நெருக்கமாகச் சுருண்டு கிடப்பதால் நம் நொதிக்கு வெட்டக் கொடுக்காது. கைகோப்பு சரியாக இருந்தும் கத்தரி நுழைய இடமில்லை. செரிக்காத ஸ்டார்ச் என்று இதைச் சொல்லலாம். நார்ச்சத்தின் கூட்டாளி, பெருங்குடலுக்குள் போனதும் நாராகவே நடந்துகொள்ளும். அவர்கள் எடுத்தது ஒரு வகை மக்காச்சோள மாவு. காலரா வந்த 48 பேரை மூன்று கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்கு வழக்கமான ஓ.ஆர்.எஸ்., இன்னொன்றுக்கு அதில் அரிசி மாவு சேர்த்து, மூன்றாவதற்கு இந்த மக்காச்சோள மாவை லிட்டருக்கு 50 கிராம் சேர்த்து. வழக்கமான நீர் குடித்தவர்களுக்குப் போக்கு நிற்கச் சராசரியாகச் சுமார் 91 மணி நேரம் ஆயிற்று. மக்காச்சோள மாவு குடித்தவர்களுக்குச் சுமார் 57 மணி நேரம். அரிசி மாவுக்காரர்கள் நடுவில் நின்றார்கள். 2000-ஆம் ஆண்டு அமெரிக்காவின் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' அதை வெளியிட்டது.

நாள் கணக்கில் பார்த்தால் ஏறக்குறைய ஒன்றரை நாள் மிச்சம். வயிற்றுப்போக்கு வந்து படுத்தவர்களைக் கேளுங்கள், ஒன்றரை நாள் எவ்வளவு நீளம் என்று சொல்வார்கள். (உங்கள் வீட்டில் யாருக்காவது வந்தால் மக்காச்சோள மாவைத் தேடி ஓடாதீர்கள். சாதாரண ஓ.ஆர்.எஸ்., உடனே டாக்டர்.)

அடுத்த ஆண்டே வங்காளதேசத்தில் இன்னொரு ஆய்வு வந்தது. வயிற்றுப்போக்கு நாள்கணக்கில் நிற்காத குழந்தைகளுக்கு, வேகவைத்த வாழைக்காயைச் சோற்றுடன் மசித்துக் கொடுத்தார்கள். நல்ல பலன். வாழைக்காயின் மாவில் செரிக்காத ஸ்டார்ச் நிறைய உண்டு. பழுக்கப் பழுக்க அது சர்க்கரையாகிவிடும். நம் பக்கத்தில் கைக்குழந்தைக்கு வாழைக்காயைக் காயவைத்துப் பொடித்துக் கூழ் காய்ச்சிக் கொடுப்பார்களே, அந்த வழக்கத்தை உண்டாக்கிய ஆச்சிமார்களுக்குப் பியூட்டிரேட் தெரியாது, குழந்தை தெரியும். சோற்றை ஆறவைத்தாலும் கொஞ்சம் ஸ்டார்ச் இப்படி இறுகிச் செரிக்காத வகையாக மாறும். பழையதில் அதுவும் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் பழைய சோற்றைப் பற்றி வாட்ஸ்அப்பில் வருவதையெல்லாம் நான் நம்பச் சொல்லமாட்டேன்.

எவ்வளவு நார் வேண்டும்? உலக சுகாதார நிறுவனம் 2023-இல் சொன்ன கணக்கில், 6 முதல் 9 வயதுக்கு நாளுக்குக் குறைந்தது 21 கிராம், 10 வயது முதல் பெரியவர்கள் மாதிரியே 25 கிராம். வெந்த கொண்டைக்கடலை 100 கிராமில் 7 கிராமை ஒட்டி இருக்கும். அதே எடை கொய்யாவில் சுமார் 5. தீட்டிய வெள்ளை அரிசிச் சோற்றில் அரைக் கிராம் தேறினால் பெரிது. தவிடு போகாத சம்பா அரிசிக்கும், நம் வீட்டு அவியலுக்கும் பயறு துவரனுக்கும் இந்தக் கணக்கில் நல்ல இடம். வட்டக்கோட்டை வாசலில் பனங்கிழங்குக்குப் பக்கத்திலேயே பாக்கெட் சிப்ஸும் தொங்கியது. எது தீர்ந்தது என்று உங்களுக்கே தெரியும்.

ஒரே நாளில் 25 கிராமையும் பிடித்துவிடலாம் என்று அவள் கிளம்பினாள். நான்காவது கிழங்கில் கை வைத்தபோது ஆச்சியே தடுத்தார்: "வாயு பிடிக்கும் பிள்ளே, நல்லமிளகும் பூண்டும் வச்சு இடிச்சுத் தின்னணும், இப்படியா?" மிளகு என்ன செய்யுமோ, வாயு உண்மை. திடீரென்று நிறையத் தீனி வந்தால் பாக்டீரியா கொண்டாடும். புளிப்பில் ஹைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும், சிலருக்கு மீத்தேனும் கிளம்பும். வகுப்பில் உங்களுக்கு அருகில் உட்கார்ந்திருப்பவர்தான் பாவம். நாளாக நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால், கூடவே தண்ணீரும் குடித்தால், கொண்டாட்டம் அடங்கும்.

"பர்க்கிட் டாக்டர் மாதிரி நாமளும் நேரம் பாக்கலாமா?" என்று கேட்டாள். எக்ஸ்ரே வேண்டியதில்லை. அவித்த மக்காச்சோளக் கதிர் போதும். சோளமணியின் மேல்தோல் நார், நம்மால் செரிக்க முடியாது, மஞ்சளாக அப்படியே வரும். இரண்டு நாள் சோளம் சாப்பிடாமல் இருந்து, பிறகு ஒரு கதிரை அதிகம் மெல்லாமல் தின்று, மணியைக் குறித்துக்கொண்டு, முதல் மஞ்சள் எப்போது கண்ணில் படுகிறது என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் தெரியும். கோட்டைக்கு வெளியே ஆட்டோவுக்குக் காத்திருந்தபோதே சோளம் சுடும் வண்டி வருகிறதா என்று தேடத் தொடங்கிவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை அக்கா போன் செய்தாள். "தம்பி, பிள்ளைக்கு என்னத்தடா சொல்லிக் கொடுத்து வச்சிருக்கே? கக்கூசுக்குள்ள நோட்டும் பேனாவும் கடிகாரமும் எடுத்துட்டுப் போறா."

பின்னாலிருந்து ஒரு குரல், கதவுக்கு உள்ளேயிருந்து: "மாமாகிட்ட சொல்லு, முப்பத்தொரு மணி நேரம்!"